மாடு தள்ளிவிட்ட ஸ்ப்ளெண்டரும் ரெண்டு கிளட்ச் கவரும்

வண்டி அப்பாவோடது. 2008 ஸ்ப்ளெண்டர் ப்ளஸ், ஹீரோவும் ஹோண்டாவும் இன்னும் ஒண்ணா குடும்பம் நடத்திட்டு இருந்த காலத்து வண்டி. எங்க தெருவுல ராத்திரி ஆனா மாடுங்க வந்து படுத்துக்கும், அதுல ஒண்ணுக்கு நடுராத்திரில முதுகு அரிச்சிருக்கு போல, வந்து உரசுனது நம்ம வண்டியில. சென்டர் ஸ்டாண்டுல நின்னுட்டு இருந்தது வலதுபக்கமா சாஞ்சு நேரா வாசப்படி கருங்கல்லு முனையில போய் உக்காந்துடுச்சு. காலைல பால் வாங்கப் போன அம்மாதான், "டேய், வண்டிக்கு அடியில என்னடா எண்ணெய் இப்படிக் கொட்டிக் கெடக்கு"ன்னு எழுப்பி விட்டாங்க.

போய்ப் பாத்தா வலதுபக்க கிளட்ச் கவர்ல (எஞ்சினோட வலதுபக்கத்த மூடியிருக்கற மூடி, உள்ளதான் கிளட்ச் இருக்கு), கிக்கர் ஷாஃப்டுக்குக் கீழ, ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். முனையில நகம் அளவுக்கு ஒரு துண்டு பேந்தே வந்துடுச்சு. இந்தக் கவர் எல்லாம் அச்சுல வார்த்த அலுமினியம், இரும்புத் தகடு மாதிரி நெளியாது, அடி பலமா பட்டா விரிசல்தான். இந்த மாதிரி விழுந்த வண்டிய யாரும் ஆர்வக்கோளாறுல ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க, மொதல்ல டிப் ஸ்டிக்க எடுத்து ஆயில் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாருங்க, மொத்தமே ஒரு லிட்டர் கூடப் புடிக்காத எஞ்சின் அது.

நம்மாளுங்க எல்லாரும் செய்யறததான் நானும் மொதல்ல செஞ்சேன். எம்-சீல். ரெண்டு கலரையும் பிசைஞ்சு அப்பி விட்டேன், மூணு வாரம் தாங்குச்சு. ஆயில் ஊறுன அலுமினியத்துல அது பிடிக்கறதே கஷ்டம், பெட்ரோல் போட்டு எவ்வளவு தொடச்சாலும் விரிசலுக்குள்ள இருக்கற எண்ணெய் சூடானதும் வெளிய வந்துடும், அப்புறம் மொத்தமா தோசை மாதிரி எழும்பி வந்துடுச்சு. ஆர்கான் வெல்டிங் வச்சுக்கலாம்னு பக்கத்து பட்டறைக்காரர் சொன்னாரு, ஆனா அவரே நேர்மையா, "தம்பி, பழைய ஆயில் ஏறின வார்ப்பு, கொப்புளம் கொப்புளமா வரும், சூட்டுல முகம் கோணிச்சுன்னா பேக்கிங் உக்காராது"ன்னும் சொல்லிட்டாரு. பேக்கிங்குன்னா கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஆயில் கசியாம இருக்க வைக்கற தாள். நல்ல மனுஷன்.

இன்னொரு ஒர்க் ஷாப்புல காட்டினேன், பேர் வேணாம். கவர், லேபர், ஆயில், "எஞ்சின் வேலை" எல்லாம் சேத்து 4,500 ஆகும்னாங்க. எஞ்சின் வேலை என்னன்னு கேட்டா "தொறந்தாதான் தெரியும்". தொறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச ஒரே விஷயம் ரேட்டுதான் போல. சரி, நம்மளே பண்ணிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். நான் மெக்கானிக் இல்ல, ஆயில் மாத்துவேன், செயின் டைட் பண்ணுவேன், அவ்வளவுதான் அனுபவம்.

மொதல் கவர் ஆன்லைன்ல வாங்கினது, 640 ரூபா. போட்டோவுல கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, வந்ததும் அப்படித்தான் இருந்துச்சு, வெளிப்பக்கம் பாலிஷ் பாத்தா கம்பெனி சாமானே தோத்துடும். திருப்பி உள்பக்கம் பாத்துருக்கணும், நான் பாக்கல. ஞாயித்துக்கிழமை காலைல வண்டிய முழுசா பிரிச்சுப் போட்டு, பழைய பேக்கிங்க சுரண்டி எல்லாம் முடிச்சு, மதியம் மூணு மணிக்கு இந்தக் கவரை எடுத்து வச்சா டவல் பின்னுல உக்காரவே மாட்டேங்குது. டவல் பின்னுன்னா கவர் அந்தண்ட இந்தண்ட நகராம சரியா அதே இடத்துல உக்காரதுக்கு வச்சிருக்கற ரெண்டு சின்ன குழாய் மாதிரி. அந்த ஓட்டைல ஒண்ணு மயிரிழை தள்ளி இருக்கு. ரப்பர் சுத்தியலால தட்டித் தட்டி உக்கார வச்சேன் (இங்கயே நிறுத்தியிருக்கணும்), போல்ட் எல்லாம் போட்டேன், டைட் பண்ணேன், கிக்கர அமுக்கினா கீழ போகுது, திரும்பி மேல வரமாட்டேங்குது. போல்ட்ட லூஸ் பண்ணா வருது, டைட் பண்ணா வரல. கிக்கர் ஷாஃப்ட் போற ஓட்டை பக்கத்துல உள்ள கடைசல் வேலை ஒழுங்கா பண்ணல, ஷாஃப்ட்ட போட்டு அழுத்துது. அதோட அப்படியே ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே வயித்தக் கலக்குது.

அப்புறம்தான் மொகத்தப் பாத்தேன், மொகம்னா எஞ்சினோட ஒட்டுற அந்த ஓரம். வீட்டு டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடி மேல கவுத்து வச்சு ரெண்டு மூலையில விரல வச்சு அமுக்கினா டக்கு டக்குன்னு ஆடுது, உடைஞ்ச நாற்காலி மாதிரி. அந்த இடுக்குல விசிட்டிங் கார்டு நுழையுது. அவ்வளவு இடுக்கு இருந்தா எந்த பேக்கிங் போட்டாலும் ஒழுகும். வித்தவங்ககிட்ட போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன், "ஃபிட் பண்ணிப் பாத்த பொருள ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்"னு பதில் வந்துச்சு. ஃபிட் பண்ணாம ஃபிட் ஆகலன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? அந்த 640 போச்சு. பளபளப்புக்கு அஞ்சு மார்க், மத்ததுக்கு ஜீரோ.

ஒரு வாரம் வண்டி எஞ்சின் வாயத் தொறந்துட்டே கெடந்துச்சு, பாலித்தீன் கவர் சுத்தி மேல பழைய போர்வை போத்தி. நான் பஸ்ல ஆபீஸ் போனேன்.

சனிக்கிழமை ஜி.பி. ரோடு போனேன். சென்னைல இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம், மவுண்ட் ரோடுலருந்து ராயப்பேட்டை பக்கம் போற ரோடு, ரெண்டு பக்கமும் ஸ்பேர்ஸ் கடைதான். பழைய சாமான் விக்கற புதுப்பேட்டைக்கும் ஒரு நடை போய்ப் பாத்தேன், பழைய கவர் ஒண்ணு 350க்கு கெடச்சுது, ஆனா உள்பக்கம் ஏற்கனவே வெல்டிங் வச்சு மேல பெயிண்ட் அடிச்சது, நகத்தால சுரண்டினதும் தெரிஞ்சுடுச்சு, வச்சுட்டு வந்துட்டேன். ஜி.பி. ரோடுல ஒரு சின்ன கடை, கவுன்டர்ல அறுவது வயசு இருக்கற ஒரு பெரியவர், நான் "ஸ்ப்ளெண்டர் கிளட்ச் கவர்"னு சொன்னதுமே "எந்த வருஷம், ஆர்சி புக் இருக்கா"ன்னு கேட்டாரு. அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. ஸ்ப்ளெண்டர்னு பேர் ஒண்ணுதான், 1994லருந்து வருது, நடுவுல எத்தனையோ மாடல் மாறிடுச்சு, வெறும் பேர் சொல்லி வாங்கினா மாத்தித்தான் வரும்.

கம்பெனி டப்பா, லேபிள்ல பார்ட் நம்பர், எம்ஆர்பி எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, 1,380 ரூபா. நான் கூச்சத்தோட, "அண்ணா, கண்ணாடி மேல வச்சுப் பாக்கலாமா"ன்னு கேட்டேன், அவர் சிரிச்சுட்டு கவுன்டர் கண்ணாடியையே தொடச்சுக் குடுத்தாரு. ஆடல, ஒரு சத்தம் இல்ல. அதோட நான் கேக்காமலே அவரே எடுத்து வச்சது: கவர் பேக்கிங், கிக்கர் ஷாஃப்ட் ஆயில் சீல், சைலன்சர் பேக்கிங் ரிங், டிப் ஸ்டிக்கோட ஓ-ரிங். "கவர் மட்டும் வாங்கிட்டுப் போனா நாளைக்கு திரும்ப வருவீங்க தம்பி"ன்னாரு. புது கவர்ல சீல் இருக்காதுங்கறதே எனக்கு அப்பதான் தெரியும். சின்ன சாமான் எல்லாம் சேத்து 150 கூட வரல. ஆயில் 900 மில்லி பாட்டில் தனி.

இப்ப வேலைக்கு வருவோம். பிரிச்சதும் சுரண்டினதும் அந்த மொத ஞாயித்துக்கிழமையே, திரும்ப மாட்டினதுதான் இந்தக் கவர் வந்தப்புறம், எல்லாத்தையும் வரிசையா சொல்றேன்.

ஆயில் வடிக்கணும், அது எல்லாருக்கும் தெரியும், அடியில 17 நம்பர் போல்ட், எஞ்சின் லேசா சூடா இருக்கும்போது வடிச்சா சீக்கிரம் வரும். அப்புறம் கிக்கர், சைலன்சர், அடியில ஃபுட் ரெஸ்ட் பார். சைலன்சர கழட்டாமலே சில பேர் சமாளிக்கறாங்க, ஆனா கீழ் வரிசை போல்ட்டுக்கு கை போகாம திட்டிக்கிட்டே வேலை பாக்கறதுக்கு அதக் கழட்டறது மேல். என் வண்டில சைலன்சர் பின் போல்ட் துரு ஏறி ஒட்டிக்கிச்சு, முந்தின நாள் ராத்திரியே டபிள்யூடி-40 அடிச்சு விட்டதால தப்பிச்சேன், இல்லன்னா அதுக்கே ஒரு நாள் போயிருக்கும். கவர் மேல கேபிள் இழுக்கற ஒரு சின்ன கை இருக்கும், கிளட்ச் கை, அதோட முனையிலருந்து கேபிள எடுத்துடணும்.

கவர் போல்ட் எல்லாம் 8 நம்பர் டி ஸ்பேனர்ல வரும். ஆனா எல்லாம் ஒரே நீளம் இல்ல, இதுல ஏமாந்தா தீர்ந்துச்சு, நீள போல்ட்ட குட்டை ஓட்டைல போட்டு முறுக்கினா ஒண்ணு மரை போகும் இல்ல கேஸ் உடையும். தினசரி காலண்டர் அட்டை இருக்கும்ல, சாமி படம் போட்டு, பழசு ஒண்ணு எடுத்து பின்னாடி கவர் மாதிரியே ஒரு படம் வரைஞ்சு, கழட்டற போல்ட்ட அதே இடத்துல ஓட்டை போட்டு குத்தி வச்சேன். முருகர் முதுகுல வரிசையா போல்ட். ஒரு வாரம் கழிச்சு மாட்டும்போதும் ஒரு குழப்பம் இல்ல.

போல்ட் எல்லாம் வந்தப்புறமும் கவர் வராது, பேக்கிங் ஒட்டிருக்கும். திருப்புளிய இடுக்குல விட்டு நெம்பாதீங்க. நெம்பினா எஞ்சின் பக்க முகத்துல கோடு விழும், அப்புறம் அந்தக் கோடு வழியா காலத்துக்கும் கசியும். மரக்கட்டையோ ரப்பர் சுத்தியலோ வச்சு சுத்தி சுத்தி தட்டினா ஒரு கட்டத்துல "பொதக்"னு விடும், மிச்சம் இருக்கற ஆயில் கால்ல கொட்டும். அடியில டிரே வைங்க. வெளிய எடுக்கும்போது மெதுவா எடுங்க, உள்ள இருந்து வாஷர் எதாவது கவரோட ஒட்டிக்கிட்டு வரும், அத எந்த ஷாஃப்டுலருந்து வந்துச்சுன்னு பாக்காம விட்டீங்கன்னா ராத்திரி பூரா முழிக்கணும். போன எடுத்து பத்து போட்டோ எடுத்துடுங்க, குறிப்பா கிளட்ச் கையில இருக்கற ஸ்பிரிங் கொக்கி எந்தப் பக்கம் மாட்டிருக்குன்னு, ஏன்னா அந்தக் கைய பழைய கவர்லருந்து எடுத்து புதுசுக்கு நீங்கதான் மாத்தணும்.

கவர் தொறந்ததுல ஒரு லாபமும் இருக்கு. ஸ்ப்ளெண்டருக்கு பேப்பர் ஆயில் ஃபில்டர் கிடையாது. கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கற தண்டு) முனையில ஒரு வட்ட டப்பா மாதிரி இருக்கும், அது கிராங்க்கோட சேந்து சுத்தும், சுத்துற வேகத்துல ஆயில்ல இருக்கற கனமான அழுக்கெல்லாம் வெளிச் சுவத்துல போய் ஒட்டிக்கும், சுத்தமான ஆயில் நடுவுல போகும். அவ்வளவுதான் ஃபில்டர், மோர் கடையற மாதிரி வேலை. மூடிய தொறந்தா (ஸ்க்ரூ இறுகியிருக்கும், திருப்புளி வழுக்கும், பொறுமையா, அந்த மூடிக்கும் ஒரு சின்ன பேக்கிங் உண்டு) உள்ள சுவத்தச் சுத்தி கருப்பு மை மாதிரி கெட்டியா ஒட்டியிருந்துச்சு, ஸ்பூன்ல வழிச்சு எடுத்தேன், வீட்டு ஸ்பூன்தான், அம்மாகிட்ட சொல்லல. கீழ ஒரு வலை மாதிரி ஜல்லடை இருக்கும், அதையும் உருவி பெட்ரோல்ல கழுவினேன். அதுல என்ன இருந்துச்சு தெரியுமா, சிவப்பு கலர்ல ரப்பர் மாதிரி புழு புழுவா. முன்னாடி யாரோ ஒரு மெக்கானிக் பேக்கிங் மேல பேஸ்ட்டையும் அள்ளி அப்பிருக்காரு, பிதுங்குனது உள்ள விழுந்து ஜல்லடைல வந்து அடைச்சிருக்கு. நல்ல பேக்கிங் இருந்தா அனபாண்ட் மாதிரி பேஸ்ட் எல்லாம் தேவையே இல்ல, ரொம்ப சந்தேகம்னா விரல்ல ஒரு பூச்சு, அவ்வளவுதான், கேக்குக்கு க்ரீம் வைக்கற மாதிரி வைக்காதீங்க.

இந்த மொத்த வேலையில கஷ்டம் எதுன்னு கேட்டா கவர் மாத்தறது இல்லங்க, பழைய பேக்கிங் சுரண்டறதுதான். கவர் மாட்ட இருபது நிமிஷம், இதுக்கு எனக்கு ரெண்டரை மணி நேரம். வருஷக்கணக்கா சூட்டுல வெந்து எஞ்சினோட ஒண்ணாயிடுச்சு, அடிப்பிடிச்ச சோத்துப் பானை மாதிரி. மொதல்ல எஞ்சின் உள்ள துண்டுத் துணிய அடைச்சுட்டேன், துகள் உள்ள விழக்கூடாதுன்னு. அப்புறம் துணிய பெட்ரோல்ல நனைச்சு ஓரத்துல போட்டு பத்து நிமிஷம் ஊற விடறது, பழைய ஸ்டீல் ஸ்கேல் மூலைய வச்சு படுக்கைவாட்டுல தள்றது, திரும்ப ஊற விடறது. பிளேடு வச்சா நிமித்திப் பிடிக்காதீங்க, அலுமினியம் வெண்ணெய் மாதிரி, கோடு போட்டுடும். உப்புத்தாள் போட்டு தேய்க்கவும் கூடாது, அந்தத் துகள் உள்ள போனா எஞ்சினுக்கு விஷம். கடைசில கண்ண மூடிட்டு விரல் நுனிய அந்த ஓரத்துல சுத்தி ஓட்டிப் பாத்தேன். கண்ணுக்கு சுத்தமா தெரிஞ்ச இடத்துலயே மூணு எடத்துல விரல் தட்டுச்சு. விரல்தான் கரெக்டா சொல்லும். பெட்ரோல் வச்சு வேலை பாக்கறோம், பக்கத்துல ஸ்விட்ச் போர்டு, சிகரெட் எதுவும் வேணாம், நான் மொட்டை மாடிலருந்து கேபிள் இழுத்து விளக்கு போட்டதே தப்புன்னு அப்புறம் தோணுச்சு.

மாட்டும்போது ஒரு விஷயம். புது ஆயில் சீல கவர்ல தட்டி உக்கார வச்சிருப்பீங்க, கிக்கர் ஷாஃப்ட் முனையில பல்லு பல்லா இருக்கும், அது சீலுக்குள்ள நுழையும்போது சீலோட ரப்பர் உதட்டக் கிழிச்சுடும். புது சீல் போட்டும் ஒழுகுதுன்னு சொல்றவங்க பாதி பேர் கதை இதான். கடை பெரியவர்தான் சொல்லிக் குடுத்தாரு, ஆவின் பால் கவர்ல ஒரு துண்டு வெட்டி அந்தப் பல்லு மேல இறுக்கி சுத்தி, லேசா கிரீஸ் தடவி, அப்புறம் கவர தள்ளுங்கன்னு. தள்ளினேன், வழுக்கிட்டுப் போச்சு, பால் கவர உருவிட்டேன். டவல் பின் ரெண்டும் டக்குன்னு உக்காந்துச்சு, சுத்தியலே தேவைப்படல. அந்த 640 ரூபா கவரோட மல்லுக்கட்டினதுக்கு அப்புறம் இது எப்படி இருந்துச்சுன்னா, சரியான செருப்பு சைஸ் கெடச்ச மாதிரி.

போல்ட் எல்லாத்தையும் மொதல்ல கையாலயே பாதி ஏத்துங்க. ஒண்ணு கையால போகலன்னா எங்கயோ தப்பு, ஸ்பேனர எடுக்காதீங்க. அப்புறம் குறுக்கு குறுக்கா, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ரெண்டு மூணு சுத்துல டைட். எம்6 போல்ட்டுதான், 10லருந்து 12 நியூட்டன் மீட்டர் போதும், இறுக்கத்த அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் இல்லன்னா சின்ன டி ஸ்பேனர ரெண்டு விரல்ல பிடிச்சு முறுக்கற அளவு. என் மச்சான் ஒருத்தன் "இன்னும் ஒரு கால் சுத்து"ன்னு பல்சர்ல முறுக்கி எஞ்சின் பக்க மரையே கையோட வந்து, லேத்து பட்டறைல ஹெலிகாயில் (போன மரைக்கு பதிலா உள்ள வைக்கற ஸ்பிரிங் மாதிரி மரை) போட்டுட்டு வந்தான். அந்த கால் சுத்துக்கு ஒரு நாள் சம்பளம்.

ஆயில் 10டபிள்யூ30 ஃபோர் ஸ்ட்ரோக் பைக் ஆயில், பாட்டில்ல ஜாசோ எம்ஏ (பைக் கிளட்ச்சுக்கு ஒத்து வரும்ங்கற குறி) இருக்கான்னு பாருங்க. கார் ஆயில் மிச்சம் இருக்குன்னு ஊத்திடாதீங்க, இந்த வண்டில கிளட்ச் ஆயில்லயே ஊறித்தான் ஓடுது, கார் ஆயில்ல வழுக்கறதுக்கு சேக்கற சாமானால கிளட்ச்சும் வழுக்கும். பாட்டில மொத்தமா கவுக்காம கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, டிப் ஸ்டிக்க திருகாம சும்மா வச்சு எடுத்து அளவு பாருங்க. இக்னிஷன் ஆஃப்ல வச்சு பத்து தடவை கிக் அடிச்சேன், ஆயில் மேல ஏறட்டும்னு. கிளட்ச் கேபிள் மாட்டி லீவர் முனையில 10லருந்து 20 மில்லிமீட்டர் சும்மா ஆடற மாதிரி அட்ஜஸ்ட் பண்ணேன். அப்புறம் சாவி போட்டு ஒரே கிக். கிக்கர் திரும்பி மேல வந்துச்சு, அதுக்கே எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்துச்சு.

அஞ்சு நிமிஷம் ஐடில்ல ஓட்டிட்டு நிறுத்தி, அடியில பேப்பர் விரிச்சு வச்சுட்டுப் படுத்தேன். காலைல பாத்தா ஒரு சொட்டு. அய்யோன்னு கீழ குனிஞ்சு பாத்தா கவர்ல இல்ல, வடிக்கிற போல்ட்டு வாஷர். பழைய வாஷரையே போட்டது என் தப்பு, புதுசு போட்டதும் நின்னுடுச்சு.

இப்ப ரெண்டு மாசம், எண்ணூறு கிலோமீட்டர் ஆச்சு, ஒரு தடவை மழைல முழங்கால் தண்ணில வேற போய் வந்துடுச்சு. கவர் ஓரம் காஞ்சு கெடக்கு. கம்பெனி கவர்ல ஒரே குறை கலர், பக்கத்துல இருக்கற பழைய எஞ்சின் மங்கி சாம்பலாயிடுச்சு, இது மட்டும் வெள்ளி மாதிரி மின்னுது, பொக்கை வாயில ஒரு பல்லு கட்டின மாதிரி. வெயில்ல ஆறு மாசம் நின்னா சரியாயிடும்னு நெனைக்கறேன். விலையும் கொஞ்சம் ஜாஸ்திதான், இருந்தாலும் மொத்த செலவு, அந்த வீணாப்போன 640ஐயும் சேத்தே, 2,700க்குள்ள முடிஞ்சுது.

வடிச்ச பழைய ஆயில சாக்கடைல ஊத்தாம அதே பாட்டில்ல புடிச்சு பக்கத்து பட்டறைல குடுத்துட்டேன், அவங்க சேத்து வச்சு விக்கறாங்க. விரிசல் விட்ட கவர் எடைக்குப் போயிடுச்சு. பளபள கவர் மட்டும் இன்னும் ஷெல்ஃப்ல இருக்கு, அம்மா அதுல துணி கிளிப் போட்டு வச்சிருக்காங்க, அதுக்கு நல்லா ஃபிட் ஆகுது. மாடு இப்பவும் வருது, வண்டிய சுவத்துப் பக்கமா திருப்பி நிறுத்திட்டேன்.